குரங்கரசனின் கோல் உங்கள் கையில்: சீனப் புராண கேம்களுக்கு ஓர் அறிமுகம்

‘பிளாக் மித்: வூகோங்’ என்ற வீடியோ கேம் 2024 ஆகஸ்ட் 20 அன்று வெளியானது. நான்கு நாட்களுக்குள் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் இணையத் தளத்தில் ஒரே நேரத்தில் 24 லட்சம் பேருக்கு மேல் அதை ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தனியாக ஆடும் கேம் எதற்கும் அதுவரை அத்தனை கூட்டம் சேர்ந்ததில்லை. அன்றிலிருந்து ‘சீனப் புராண கேம்’ என்ற பெயரை எதெதற்கோ சூட்டுகிறார்கள். சிவப்பு விளக்கு, வளைந்த கூரை, ஒரு டிராகன் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்.

ஒரு கேம் உண்மையிலேயே புராணத்திலிருந்து பிறந்ததா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கதைக்குள் செல்லுபடியாகும் விதிகள் கேமின் விதிகளாகவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கதையில் நெருப்பை அடக்கும் துணி கேமிலும் நெருப்பை அடக்குகிறதா? கதையில் ஒரு மயிரைப் பிடுங்கி ஊதினால் நூறு குரங்குகள் எழுகின்றன என்றால், கேமில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதா? இருக்கிறது என்றால் அங்கே புராணம் ஆடப்படுகிறது. கதை தெரியாத பிரேசில்காரரும் போலந்துக்காரரும் இந்த கேம்களில் மூழ்கிப்போவதற்கு முதல் காரணம் இதுதான். அவர்கள் படிக்க வேண்டியதை விரல்கள் கற்றுக்கொண்டுவிடுகின்றன.

கதைகள் எங்கிருந்து வருகின்றன

பெரும்பாலான கேம்களுக்கு மூன்று ஊற்றுகள். முதலாவது ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற 100 அத்தியாய நாவல். சீனாவின் மிங் வம்சக் காலத்து நூல். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய அச்சுப் பதிப்பு 1592-ஐச் சேர்ந்தது. ஆசிரியர் வூ செங்-என் என்பது மரபு. கல்லிலிருந்து பிறந்த குரங்கு சுன் வூகோங், விண்ணுலகத்தைக் கலக்கி, புத்தரால் மலைக்கடியில் 500 ஆண்டுகள் அடைபட்டு, பிறகு ஒரு துறவிக்குக் காவலாக இந்தியாவுக்குச் சென்று சூத்திரங்களைக் கொண்டுவருகிறது. இரண்டாவது அதே நூற்றாண்டின் ‘ஃபெங்ஷென் யான்யி’. ஷாங் வம்சம் வீழ்ந்து சோ வம்சம் எழும் போரில் தேவர்களும் இறங்கிச் சண்டையிடும் கதை. நெஜா என்ற இளம் தேவனை உலகமே அறியக் காரணம் இந்த நூல். மூன்றாவது இவற்றைவிட மிகப் பழைய ‘ஷான்ஹாய் ஜிங்’. ஒன்பது வால் நரி போன்ற விசித்திர உயிர்களின் களஞ்சியம் அது. அரக்கர்களை வடிவமைப்போர் அடிக்கடி புரட்டும் நூல்.

இவற்றில் பௌத்தம், தாவோயிசம், நாட்டார் வழிபாடு மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. பௌத்தத்தோடு போன இந்தியப் பெயர்கள் ஏராளம். அந்தத் துறவியின் வரலாற்று வடிவம்தான் நம் பாடப் புத்தகங்களில் வரும் யுவான் சுவாங். 645-ல் சீனா திரும்பியவர், திராவிட நாட்டின் தலைநகராகக் காஞ்சிபுரத்தைத் தம் குறிப்பில் பதிந்தவர். வூகோங் பாதாளத்துக்குப் போய்த் தன் பெயரை அடித்துவிட்டு வரும் ஏடு எமனுடையது. கோபுரம் ஏந்திய தேவனாக வரும் லி ஜிங், வைசிரவணன் என்ற குபேரனின் சீன வடிவம். அவர் மகன் நெஜாவின் பெயரும் குபேரனின் மகன் நளகூபரனிலிருந்து வந்தது.

வூகோங் அனுமனின் வழித்தோன்றலா என்ற கேள்வி தமிழ் வாசகருக்கு எழாமல் இருக்காது. 1920-களிலேயே சீன அறிஞர்கள் இதில் பிரிந்து நின்றார்கள். ஹூ ஷி அனுமனைச் சுட்டினார். லூ சுன் ஆற்றில் அடக்கப்பட்ட வூஜிசி என்ற உள்ளூர் நீர்ப்பூதத்தைச் சுட்டினார். சுவான்சோ நகரின் கையுவான் கோயிலில் 1237-ல் முடிந்த மேற்குக் கோபுரத்தில் வாளேந்திய ஒரு குரங்கு வீரனின் சிற்பம் இருக்கிறது. அதே துறைமுக நகரில்தான் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பினார்கள். 1281-ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டும் அங்கே கிடைத்திருக்கிறது. கதைகள் அருகருகே உலவின என்பதற்கு இது நல்ல சாட்சி. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று முடிவுகட்ட இது போதாது.

கதை பொத்தானாக மாறும் இடம்

பிளாக் மித் பற்றிப் பரவலாக இருக்கும் முதல் தவறான எண்ணத்தை நீக்கிவிடுவோம். அது நாவலைத் திரும்பச் சொல்லவில்லை. நாவல் முடிந்த பின் தொடங்குகிறது. நாவலின் கடைசியில் வூகோங் புத்தநிலை பெறுகிறான். கேமில் அவன் அந்தப் பதவியை உதறிவிட்டு மலைக்குத் திரும்ப, விண்ணுலகப் படை தேடி வருகிறது. அவன் வீழ்ந்து ஆறு கூறுகளாகச் சிதறுகிறான். அவற்றைத் தேடிப் போகும் பெயரில்லாத ஒரு குரங்குதான் நீங்கள். ஆறு அத்தியாயங்கள்.

இனி கையில் இருப்பதைப் பாருங்கள். ஆயுதம் ஒரு கோல். நாவலில் அதன் எடை 13,500 ஜின், ஏறக்குறைய ஏழு டன். வேண்டும்போது நீளும், ஊசியாகச் சுருங்கிக் காதுக்குள் போகும். கேமில் பலமான அடியைத் தேக்கிவைத்து விட்டால் கோல் நீண்டு விழுகிறது. மூன்று நிலைகள் உண்டு: ஓங்கி அடிப்பது, கோலைத் தூணாக நிறுத்தி அதன்மேல் ஏறிக்கொள்வது, குத்துவது. தூண் நிலையில் தரையில் பரவும் தாக்குதல்கள் உங்களைத் தொடாது. குத்து நிலை தொலைவில் நிற்கும் எதிரிக்கு.

மந்திரங்களும் அப்படியே. எதிரியை உறைய வைக்கும் மந்திரத்தை நாவலில் வூகோங் பீச் தோட்டத்து ஏழு தேவமகளிர் மீது ஏவுகிறான். மயிரைப் பிடுங்கிப் படை எழுப்புவது நாவல் முழுக்க வருகிறது. 72 உருமாற்றங்கள் கேமில் எண்ணிக்கையில் குறைந்தாலும், கொன்ற எதிரியின் உருவை எடுத்து அவன் ஆயுதத்தாலேயே சண்டையிடுவது அந்தக் கருத்தின் நேரடி வாரிசு.

இதைவிட அழகானவை மறைவிடங்களில் கிடைக்கும் மாயப்பொருள்கள். இந்தப் பகுதிதான் கேமின் இதயம்.

முதல் அத்தியாயம் கருங்காற்று மலை. நாவலில் 16, 17-ஆம் அத்தியாயங்கள். முதிய மடாதிபதி ஜின்சி, வூகோங் காவல் போகும் துறவியின் காவியாடைக்கு ஆசைப்பட்டு மடத்துக்கே தீ வைக்கிறார். வூகோங் தீத்தடுப்புத் துணியை விண்ணுலகிலிருந்து இரவல் வாங்கி வந்து துறவியைக் காக்கிறான். குழப்பத்தில் கரடி அரக்கன் காவியைத் திருடிப் போகிறான். கேமில் மூன்று பெரிய மணிகள் ஒளிந்திருக்கின்றன. மூன்றையும் அடித்தால் பழைய மடத்துக்குப் போவீர்கள். அங்கே ஜின்சியை வென்றால் அந்தத் தீத்தடுப்புத் துணி கிடைக்கும். அத்தியாயக் கடைசியில் தீப்பிடித்துச் சுழன்று வரும் கரடியிடம் அதைப் பயன்படுத்திப் பாருங்கள்; பாதிச் சண்டை இலகுவாகிவிடும்.

இரண்டாம் அத்தியாயத்தின் மஞ்சள்காற்று அரக்கன் நாவலில் 20, 21-இல் வருகிறான். அவன் ஊதும் காற்று வூகோங்கின் கண்ணையே கெடுக்கிறது. லிங்ஜி போதிசத்துவர் வந்து பறக்கும் டிராகன் கோலால் அவனை அடக்க வேண்டியிருக்கிறது. கேமில் காற்றடக்கும் பொருள் ஒரு மறைவான பழைய இராச்சியத்தில் இருக்கிறது. அங்கே வழிதிறக்க, குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பன்றி முகத்தானிடம் பேச்சுக் கொடுத்து அவன் கேட்பதைக் கொண்டுவந்து தர வேண்டும். இதை விட்டுவிட்டுப் போகிறவர்கள் மணற்புயலுக்குள் மணிக்கணக்கில் செத்துச் செத்து எழுகிறார்கள். அதே அத்தியாயத்தில் தலையில்லாமல் உட்கார்ந்து நரம்பிசை மீட்டும் உருவம்தான் லிங்ஜி. அவர் பாடுவது வடக்கு ஷான்ஷியின் (சியான் நகரம் இருக்கும் மாகாணம்) கதைப்பாட்டு மரபு. சொல் புரியாத நாட்டினரும் அந்த இடத்தில் கோலைக் கீழே போட்டுவிட்டு நின்று கேட்டார்கள்.

நான்காம் அத்தியாயத்தில் சிலந்திச் சகோதரிகளும் நூறு கண் பூரானும் (நாவலில் 72, 73); அங்கே உதவும் பொருள் ஓர் ஊசி. ஐந்தில் தீமலை (59 முதல் 61 வரை). அங்கே வாழையிலை விசிறி. நாவலைப் படித்தவருக்கு எதைத் தேட வேண்டும் என்பது முன்பே தெரியும். படிக்காதவருக்கு, சண்டை முடிந்தபின் எந்தப் பொருள் ஏன் வேலை செய்தது என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி நாவலுக்கு இழுத்துப்போகும்.

மற்ற கேம்களில் இதே வித்தை

கோய் டெக்மோவின் ‘வோ லாங்: ஃபாலன் டைனஸ்டி’ (2023) ஜப்பானியத் தயாரிப்பு. ஹான் வம்சத்தின் கடைசிக் காலத்தில் அரக்கர்களை உலவ விடுகிறது. அதன் மந்திரங்கள் ஐங்கூறுக் கொள்கையில் நிற்கின்றன. இங்கே நம்மவர்கள் தடுமாறுவதுண்டு: இது பஞ்சபூதம் அன்று. காற்றும் ஆகாயமும் இதில் இல்லை. மரமும் உலோகமும் உண்டு. நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு உலோகத்தை, உலோகம் மரத்தை, மரம் மண்ணை, மண் நீரை. எதிரி ஏவும் மந்திரத்தை அதை வெல்லும் கூறால் முறிக்கலாம். இந்த வரிசை மனப்பாடம் ஆகாமல் சண்டைக்குப் போனால் உங்கள் மந்திரம்தான் முறியும்.

தைவானின் ரெட் கேண்டில் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ‘நைன் சோல்ஸ்’, பத்துச் சூரியன்களில் ஒன்பதை அம்பெய்து வீழ்த்திய ஹோ யியின் கதையை எதிர்காலத்துக்குக் கொண்டுபோகிறது. வீழ்த்த வேண்டியவர்கள் இங்கே ஒன்பது ஆட்சியாளர்கள். எதிரியின் அடியைச் சரியான நொடியில் தட்டிவிட்டால் ‘சி’ என்ற உயிராற்றல் சேரும். அதைக்கொண்டு தாவோயிசப் பூசாரிகள் ஒட்டும் மந்திரத்தாளை எதிரியின் உடம்பில் ஒட்டி வெடிக்க வைக்க வேண்டும். கையால் வரைந்த இருபரிமாண கேம். தாவோயிசச் சடங்கை இவ்வளவு சிக்கனமாக ஒரு பொத்தானில் அடக்கிய வேறொரு கேம் சொல்வது கடினம்.

மிஹோயோவின் ‘கென்ஷின் இம்பாக்ட்’ (2020) வேறு வழியில் போகிறது. அங்கே லியுவே என்ற நாடு மட்டுமே சீனச் சாயல் கொண்டது: மூடுபனிக் கற்றூண் மலைகள், சித்தர்கள், விளக்குத் திருவிழா. சியாவ் என்ற பாத்திரம் ஒரு யட்சன். அரக்கர்களைக் கொன்றதால் சேர்ந்த வினைக்கடன் அவனை வதைக்கிறது. புராண விதி இங்கே பொத்தானில் இல்லை, கதையில்தான் இருக்கிறது. ஆகவே மேலே சொன்ன அளவுகோலில் இது ஒரு படி கீழேதான் நிற்கும். ஆனால் இலவசம், கைபேசியில் ஓடும், நான்கு மொழிகளில் முழுக் குரல் உண்டு. உலகெங்கும் பல இளைஞர்கள் யட்சனை முதலில் சந்தித்தது இங்கேதான் என்பதை மறுக்க முடியாது.

வெளிநாட்டில் எடுபட்டது எப்படி

முதலில் ஓர் உண்மை. பிளாக் மித்தைத் தொடக்க வாரங்களில் ஸ்டீமில் ஆடியவர்களில் பெரும்பாலோர் சீனர்களே. ‘உலகமே ஆடியது’ என்ற தலைப்புகளை அந்த அளவோடு வாங்கிக்கொள்ள வேண்டும். சீனாவில் 2000 முதல் 2015 வரை கன்சோல் (டிவியில் இணைத்து ஆடும் கருவி) விற்பனைக்குத் தடை இருந்தது. அதனால் அங்கே பணமும் திறமையும் ஆன்லைன் கேம்களுக்கும் கைபேசிக்கும் போயின. பெரிய முதலீட்டில் ஒரு தனியாள் கேம் என்பது ஒரு தலைமுறையே காத்திருந்த விஷயம். கேம் சயின்ஸ் நிறுவனத்தை 2014-ல் தொடங்கிய ஃபெங் ஜியும் யாங் சியும் அதற்குமுன் டென்சென்ட் என்ற பெரிய சீன நிறுவனத்தில் இதே குரங்குக் கதையை ஆன்லைன் கேமாகச் செய்தவர்கள். 2020 ஆகஸ்டில் அவர்கள் விட்ட 13 நிமிடக் காட்சியின் நோக்கமே வேலைக்கு ஆள் சேர்ப்பதுதான்.

ஆனாலும் வெளிநாட்டு வரவேற்பு கணிசமானது. 2024 கோல்டன் ஜாய்ஸ்டிக் விருதில் ஆண்டின் சிறந்த கேம் அதுதான். தி கேம் அவார்ட்ஸில் முதன்மை விருது கைநழுவினாலும் சிறந்த ஆக்‌ஷன் கேம் விருதும் ஆடுவோர் வாக்கு விருதும் வந்தன. காரணங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது: அடி, விலகு, பாஸின் (பெரிய எதிரியின்) அசைவைப் படி, தோற்றால் திரும்ப வா என்ற இலக்கணம் உலகம் முழுக்க ஆடுவோருக்கு ஏற்கெனவே பழக்கம். புதியதைத் தெரிந்த வடிவில் தந்தார்கள். இன்னொன்று, குரங்கரசன் முற்றிலும் அந்நியன் அல்லன். 1984-ல் ஜப்பானில் தொடங்கிய ‘டிராகன் பால்’ காமிக்ஸ் தொடரின் நாயகன் சோன் கோகுவின் பெயரே சுன் வூகோங்கின் ஜப்பானிய உச்சரிப்பு.

மூன்றாவது காரணம் கல்லும் மரமும். தயாரிப்பாளர்கள் சீனாவின் 36 இடங்களுக்குப் போய்க் கோயில்களையும் சிலைகளையும் முப்பரிமாணத்தில் அளந்து பதிந்தார்கள். அவற்றில் 27 ஷான்ஷி மாகாணத்தில், தையுவானைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ஷான்ஷியில் உள்ளவை (பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் மேலே சொன்ன மாகாணம் வேறு). யுன்காங் குகைகள், 1056-ல் கட்டிய யிங்சியன் மரக்கோபுரம், சுவரிலிருந்து தொங்குவதுபோல் சிற்பங்கள் நிறைந்த சியாவ்சிதியான் கோயில் ஆகியவை கேமில் அப்படியே நிற்கின்றன. ஓவியர் கற்பனையில் வரைந்த ‘கிழக்கத்திய’ கோயிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முதல் நிமிடத்திலேயே கண்ணில் படும். மாகாணச் சுற்றுலாத் துறை இதையே வைத்துப் பயணிகளை அழைத்தது.

குறைகளும் உண்டு. நடக்கலாம் என்று தோன்றும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சுவர் தடுக்கும். இது நியாயமான புகார். அளந்து பதிந்த அழகான காட்டில் எது வழி, எது வெறும் காட்சி என்று புரிவதில்லை. வெளியானபோது வரைபடம் இல்லை. 2024 டிசம்பர் புதுப்பிப்பில்தான் வந்தது.

தொடங்குமுன்

பிளாக் மித்துக்குக் கணினியில் 130 ஜிபி காலியிடம், 16 ஜிபி ரேம், குறைந்தது ஜிடிஎக்ஸ் 1060 (6 ஜிபி) அல்லது ஆர்எக்ஸ் 580 (8 ஜிபி) கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். சாதாரண ஹார்டு டிஸ்க்கில் ஓடும் என்றாலும் எஸ்எஸ்டியில் போடுங்கள். வாங்குமுன் ஸ்டீமில் இலவசமாகக் கிடைக்கும் இதன் பெஞ்ச்மார்க் கருவியை ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணினி நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படச்சட்டம்) தருகிறது என்று காசு போகுமுன்பே தெரிந்துவிடும். முதல் முறை திறக்கும்போது ஷேடர் தொகுப்பு (காட்சிகளை வரையும் நிரல்களைக் கணினி முன்கூட்டியே தயார்செய்வது) நெடுநேரம் ஓடும். அதை இடையில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பிறகு சண்டை நடுவே படம் திக்கும். பிஎஸ் 5-லும், 2025 ஆகஸ்ட் முதல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களிலும் கிடைக்கிறது. தமிழ் இல்லை. சீனக் குரலும் ஆங்கில எழுத்துமாக ஆடினால் பெயர்கள் காதில் சரியாக விழும்.

புதியவர் தோற்றுப்போகும் முதல் இடம் பெரும்பாலும் காட்டில் பெரிய தலையோடு தனியே உலவும் பூதம். அவனைக் கொன்றாக வேண்டிய கட்டாயம் இல்லை. விலகிப் போய்விட்டு, சற்று மேலே தீவாளோடு நிற்கும் குவாங்ஜியை வென்று அவன் உருவத்தைப் பெற்றுக்கொண்டு திரும்புங்கள். சிரம நிலையைக் குறைக்கும் வசதி இல்லை. ஆனால் செத்தால் சேர்த்த எதுவும் பறிபோகாது. திறன் புள்ளிகளைக் கோயில் நிறுத்தங்களில் செலவின்றிக் கலைத்து மாற்றி அடுக்கலாம். ஒரு பாஸிடம் ஐந்தாறு முறை தோற்றால் புள்ளிகளை மாற்றுங்கள். அதே முறையில் மோதிக்கொண்டே இருப்பதுதான் பலரைக் கேமையே கைவிட வைக்கிறது. மூன்றாம் அத்தியாயத்திலிருந்து இடங்கள் அகன்று மறைவுகள் கூடும். எல்லா அத்தியாயங்களின் மறைவுப் பணிகளையும் முடித்து, மூன்றாம் கண் கொண்ட எர்லாங்கை வென்றவர்களுக்கே இரண்டாவது முடிவு திறக்கும்.

கென்ஷின் ஆடுவோர் பணத்தில் கவனமாக இருக்க வேண்டும். பாத்திரங்கள் குலுக்கலில் வருகின்றன. ஒரு குலுக்கலுக்கு 160 ரத்தினங்கள் (கேமுக்குள் புழங்கும் நாணயம்). 90 குலுக்கலுக்குள் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒன்று உறுதி. ஆனால் அது நீங்கள் விரும்பியவராக இருக்கும் என்பது முதல் முறை உறுதியில்லை. சியாவ் வேண்டும் என்றால் அவனுக்கான குலுக்கல் வரும்வரை ரத்தினங்களைச் சேர்த்து வையுங்கள். பிள்ளைகளின் கைபேசியில் கட்டண அனுமதியைப் பூட்டிவிடுங்கள்.

கணினி பழையது என்றால் ‘நைன் சோல்ஸ்’ நல்ல தொடக்கம். இருபரிமாணம் என்பதால் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு கேட்காது, சண்டையை எளிதாக்கும் கதை நிலையும் உண்டு. கணினி பலமானது என்றால் பிளாக் மித்தின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன், மேலே எண் கொடுத்த நாவல் அத்தியாயங்களைப் படியுங்கள். கேம் சயின்ஸின் அடுத்த கேம் பேய்களைப் பிடித்து அடக்கும் ஜோங் குய்யைப் பற்றியது. 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். தேர்வில் முதலிடம் பெற்றும் முகம் விகாரமானது என்று அரசவை விரட்டியதால் தலையை மோதி உயிரை விட்டு, பாதாளத்தில் பேய்களுக்கு அரசனானவர் அவர். வாளும் அடர்ந்த தாடியுமாக அவர் படத்தைச் சீனர்கள் பேயோட்டக் கதவில் ஒட்டுவார்கள்.